சூடாமணிவர்ம விகாரம்: மறைந்துபோன கடாரத்துப் பெரும்பள்ளியின் வரலாறும் கட்டட அமைப்பும்

முன்னுரை

பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் நினைவில் நாகப்பட்டினம் என்பது கப்பலேறிய ஊர். தமிழகத்தில் ஆள்திரட்டிய கங்காணிகள் தம் ஆள்களை அழைத்துச் சென்று தங்கவைத்த முகாம்கள் இரண்டு. ஒன்று ஆவடியிலும் மற்றொன்று நாகப்பட்டினத்திலும் இருந்தன. பின்னாளில் ‘ரஜூலா’ போன்ற கப்பல்களும் சென்னையிலிருந்து புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டே பினாங்கை நோக்கி வந்தன. ஆகவே ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் பத்து காஜாவிலும் இன்று வாழும் பலருடைய குடும்ப வரலாறு அத்துறைமுகத்தில் தொடங்குகின்றது.

அதே துறைமுகத்தில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், எதிர்த்திசைப் பயணம் ஒன்றும் நிகழ்ந்தது. கடாரத்தையும் ஸ்ரீவிசயத்தையும் ஆண்ட சைலேந்திர மரபினர் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்தப் பெரும்பள்ளியை எடுப்பித்தனர். அதுவே சூடாமணிவர்ம விகாரம். துறவியர் வாழும் மடமும் மக்கள் வழிபடும் கோயிலும் ஒன்றாய் அமைந்த அந்நிறுவனம் சோழப் பேரரசர் மூவரின் ஆட்சியில் ஆதரவு பெற்றது. பல நூற்றாண்டுகள் நிலைத்தது. இன்று அது நின்ற இடத்தில் எதுவும் இல்லை. அவ்விகாரத்தின் எச்சமெனப் பலரும் கருதும் செங்கற் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது.

இக்கட்டுரையில் நாம் அவ்விகாரத்தின் தோற்றம், பொருளாதார அடிப்படை, கட்டட அமைப்பு, மறைவு ஆகியவற்றைக் கிடைக்கும் சான்றுகளின்வழி விளக்க முற்படுகின்றோம். அவ்விளக்கத்தினூடே நாம் நிறுவ விரும்பும் கருத்து ஒன்று உண்டு. நாகப்பட்டினத்தில் செங்கல் விழுவதற்கு நெடுங்காலத்திற்கு முன்னரே பெயர் விழுந்துவிட்டது. பெயரை இழந்த கட்டடத்திற்காகப் பரிந்து பேச எவரும் முன்வரவில்லை. தோட்டங்கள் மறைந்துவரும் இந்நாட்டுச் சூழலில் இக்கருத்து நமக்கு நேரடித் தொடர்புடையது.

‘பள்ளி’ என்னும் சொல்

விகாரத்தைப் பற்றிப் பேசுமுன் சோழர் ஆவணங்கள் அதற்கு வழங்கிய சொல்லைக் கருதுதல் வேண்டும். செப்பேடுகளின் தமிழ்ப் பகுதி அதனைப் ‘பள்ளி’ என்றும் ‘பெரும்பள்ளி’ என்றும் குறிக்கின்றது. பள்ளி என்பது முதலில் படுக்கையை, உறைவிடத்தைக் குறித்த சொல். பாறைக் குகைகளில் சமண முனிவர்க்கு வெட்டப்பட்ட கற்படுக்கைகளின் வழியாக அது துறவியர் உறைவிடத்திற்கு ஆகிவந்தது. சமண, பௌத்த நிறுவனங்களுக்கு விடப்பட்ட இறையிலி நிலம் ‘பள்ளிச்சந்தம்’ எனப்பட்டது. துறவியர் உறைவிடங்களில் கல்வி வளர்ந்தமையால் அச்சொல் காலப்போக்கில் கல்விக்கூடத்தையும் குறிக்கலாயிற்று. இன்று தமிழாசிரியர்கள் பணியாற்றும் இடத்தின் பெயருக்குள்ளேயே இம்மறைந்த நிறுவனங்களின் நினைவு தங்கியுள்ளது.

மேலைநாட்டு மரபில் இதற்கு இணையாகத் துறவிமடத்தோடு இணைந்த பேராலயங்களைக் கூறலாம். இங்கிலாந்தின் கவண்ட்ரி நகரில் 1043இல் நிறுவப்பட்ட புனித மரியாள் துறவிமடம் பின்னர்ப் பேராலயமாகவும் உயர்ந்தது. நிலக்கொடை, வரிவிலக்கு, துறவியர் குழு, பெருங்கோயில் என்னும் நான்கும் ஒருங்கே அமைந்த நிறுவனம் அது. சூடாமணிவர்ம விகாரமும் ஏறத்தாழ அதே காலத்தில் அதே நான்கு கூறுகளோடு எழுந்தது.

தந்தை தொடங்கியதும் மகன் முடித்ததும்

விகாரத்தின் வரலாற்றுக்கு முதன்மைச் சான்று ஆனைமங்கலச் செப்பேடுகளாகும். ஒல்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தமையால் இவை லெய்டன் செப்பேடுகள் என்றும் வழங்கப்பட்டன. இவற்றுள் பெரிய தொகுதி 21 ஏடுகளைக் கொண்டது. முதல் 5 ஏடுகள் வடமொழியிலும் எஞ்சிய 16 ஏடுகள் தமிழிலும் அமைந்தவை. ஏடுகளைக் கோத்த வளையத்தில் முதலாம் இராசேந்திரனின் முத்திரை உள்ளது.

இரு மொழிப் பகுதிகளும் விகாரத்தைப் பற்றிக் கூறும் செய்தியில் ஒரு சிறு வேறுபாடு காணப்படுகின்றது. தமிழ்ப் பகுதி, கடாரத்தரையன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ‘எடுப்பிக்கின்ற’ பள்ளி என்கின்றது. வடமொழிப் பகுதியோ, சூளாமணிவர்மனின் மகனான ஸ்ரீமாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் அவ்விகாரத்தைக் கட்டினான் என்கின்றது. ‘எடுப்பிக்கின்ற’ என்னும் நிகழ்காலப் பெயரெச்சம் ஈண்டு நுட்பமாக நோக்கத்தக்கது. தமிழ்ப் பகுதி பதிவு செய்யும் ஆணை முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டுக்கு, அதாவது ஏறத்தாழ கி.பி. 1006ஆம் ஆண்டுக்கு உரியது. அவ்வேளையில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. வடமொழிப் பகுதி இராசேந்திரன் காலத்தில் பின்னர் இயற்றப்பட்டது. அதற்குள் தந்தை மறைந்து, மகன் பணியை நிறைவு செய்துவிட்டான் என்று கொள்வதே பொருந்தும்.

இம்முடிவைச் சீன ஆவணங்களும் உறுதிப்படுத்துகின்றன. சோங் அரச மரபின் வரலாறு, 1003இல் ஸ்ரீவிசயத்திலிருந்து தூது விடுத்த மன்னனைச் சூளாமணிவர்மன் என அடையாளங்காணத்தக்க ஒலிபெயர்ப்பில் குறிக்கின்றது. 1008இல் தூது விடுத்தவன் மாறவிசயன் எனக் கொள்ளத்தக்க பெயரினன். இவ்விரு ஆண்டுகளுக்கும் இடைப்பட்டதே இராசராசனின் ஆணை. 1003ஆம் ஆண்டுத் தூதுவர்கள், தம் நாட்டில் சீனப் பேரரசரின் நீடுவாழ்வுக்காக ஒரு பௌத்தக் கோயில் எழுப்பப்பட்டுள்ளது எனத் தெரிவித்து, அதற்குப் பெயரும் மணிகளும் வேண்டினர் என்றும் அந்நூல் கூறும். ஆகவே நாகப்பட்டினத்து விகாரம் தனித்த ஒரு பத்திச் செயலாக எழுந்ததன்று. தமிழகத்திற்கும் சீனத்திற்கும் இடைப்பட்ட கடல்வழியைக் காத்துநின்ற ஓர் அரசு, அவ்வழியின் இரு முனைகளிலும் கோயில்களால் நட்பை நிலைநாட்டியது.

ஆனைமங்கலம்: பள்ளியின் பொருளாதார அடிப்படை

விகாரத்தைக் கட்டியவன் கடாரத்து மன்னன். அதனை நடத்துவதற்குரிய வருவாயை அளித்தவன் சோழ மன்னன். சைவப் பற்றுடைய இராசராசன், க்ஷத்திரியசிகாமணி வளநாட்டுப் பட்டனக்கூற்றத்தைச் சேர்ந்த ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்கினான். அதன் பரப்பு 97 வேலிக்குச் சற்று மிகுதி. அவ்வூரிலிருந்து பள்ளிக்குச் சேர வேண்டிய நெல் 8,943 கலம், இருதூணி, ஒரு குறுணி, ஒரு நாழி என ஆவணம் நாழியளவு பிசகாமல் கணக்கிடுகின்றது. தஞ்சைப் பெருவுடையார் கோயில் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் இக்கொடை வழங்கப்பட்டது.

கொடை வழங்கிய முறையும் விரிவாகப் பதிவாகியுள்ளது. மன்னன் வாய்மொழியாகக் கூறிய ஆணை, ஓலையில் எழுதப்பட்டு, அதிகாரிகள் பலரால் ஒப்புநோக்கப்பட்டு, வரிப்பொத்தகத்தில் ஏற்றப்பட்டது. நாட்டாருக்கும் சுற்றூராருக்கும் அறிவிக்கப்பட்டது. பின்னர்ப் பெண்யானையை நடத்திச் சென்று ஊரின் எல்லை சூழப்பட்டது. கல்லும் கள்ளியும் நாட்டப்பட்டன. அண்டை ஊர்களின் பெயர்கள், வாய்க்கால்கள், எல்லைகள் ஆகியவற்றை ஏடுகள் அடுக்கிச் செல்கின்றன. இராசராசன் மறைந்தபின் அவன் மகன் இராசேந்திரன் அக்கொடையைச் செப்பேட்டில் பொறித்து நிலைப்படுத்தினான்.

கடாரத்து மன்னனின் ஈடுபாடு பௌத்தப் பள்ளியோடு நின்றுவிடவில்லை. நாகப்பட்டினத்துக் காயாரோகணசுவாமி கோயிலில் உள்ள இராசேந்திரன் காலக் கல்வெட்டுகள், அம்மன்னனின் முகவர்கள் அச்சிவன் கோயிலுக்கு வெள்ளிப் படிமமும் அணிகலன்களும் சீனக்கனகம் எனப்பட்ட சீனப் பொன்னும் அளித்த செய்தியைக் கூறுகின்றன. பௌத்த அரசன் சிவன் கோயிலுக்குப் பொன் தந்தான். சைவ அரசன் பௌத்தப் பள்ளிக்கு ஊர் தந்தான். துறைமுக நகரத்தின் பொதுவாழ்வு இத்தகைய கொடுக்கல் வாங்கல்களின் மேல் நின்றது.

போருக்குப் பின்னும் நிலைத்த பள்ளி

1025ஐ ஒட்டி இராசேந்திரனின் கடற்படை கடாரத்தையும் ஸ்ரீவிசயத்தையும் தாக்கியது. மேலோட்டமாக நோக்கின், கடாரத்து மன்னனின் பெயர் தாங்கிய விகாரம் அதனோடு தன் செல்வாக்கை இழந்திருக்க வேண்டும். சான்றுகள் வேறு செய்தியைத் தருகின்றன.

லெய்டன் செப்பேடுகளுள் சிறிய தொகுதி 3 ஏடுகளைக் கொண்டது. முதலாம் குலோத்துங்கனின் 20ஆம் ஆட்சியாண்டுக்கு, ஏறத்தாழ கி.பி. 1090ஆம் ஆண்டுக்கு உரியது. மன்னன் ஆயிரத்தளி அரண்மனையில் இருந்தபோது, கடாரத்தரையனின் தூதுவர்களான இராசவித்யாதர சாமந்தனும் அபிமானோத்துங்க சாமந்தனும் ஒரு விண்ணப்பம் செய்தனர். நாகப்பட்டினத்துப் பள்ளிகளுக்குரிய பள்ளிச்சந்த ஊர்கள் சில வரிகளிலிருந்து விலக்குப் பெற வேண்டும், நிலத்தின் காணியுரிமை பள்ளிச் சங்கத்தார்க்கே உரியதாக வேண்டும் என்பன அவர்தம் வேண்டுகோள்கள். மன்னன் இசைந்தான். போர் நிகழ்ந்து அறுபத்தைந்து ஆண்டுகள் கழிந்த நிலையிலும் கடாரத்து அரசு தன் முன்னோர் எடுப்பித்த பள்ளியின் நலனைக் கண்காணித்தது. சோழ அரசும் அவ்வுரிமையை ஏற்றது.

இச்சிறிய செப்பேடுகள் நமக்கு மற்றொரு செய்தியையும் தருகின்றன. ஸ்ரீசைலேந்திர சூடாமணிவர்ம விகாரத்திற்கு இப்போது இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயரும் வழங்கியது. அதனுடன் இராசேந்திரசோழப் பெரும்பள்ளி என்னும் மற்றொரு பள்ளியும் குறிக்கப்படுகின்றது. எடுப்பித்தவனின் பெயரோடு புரந்தவனின் பெயரும் சேர்ந்து, ஒரே கட்டடம் இரு பெயர்களைத் தாங்கி நின்றது.

கட்டட அமைப்பு: எஞ்சிய சான்றுகள்

விகாரத்தின் உருவத்தை அறிய நமக்குள்ள சான்றுகள் நான்கு வகையின. முதலாவது செப்பேட்டின் வருணனை. கோயில்களும் சத்திரங்களும் தண்ணீர்ப்பந்தல்களும் சோலைகளும் நிறைந்த நாகப்பட்டினத்தில், பொன்மலையாகிய மேருவையும் சிறிதாக்கும் உயரத்தோடு விகாரம் எழுந்தது என்று வடமொழிப் பகுதி கூறும். இது புலவர் கூற்றாயினும், விகாரத்தின் தலையாய இயல்பாக உயரமே அன்று கருதப்பட்டது என்பதற்கு அது சான்றாகின்றது. கடலிலிருந்து வருவோர் முதலிற் காண்பது துறைமுகத்தின் உயர்ந்த கட்டடத்தையே.

இரண்டாவது, அயல்நாட்டார் குறிப்புகள். சீனப் பயணி வாங் தாயுவான் 1349ஐ ஒட்டி எழுதிய நூலில், சமவெளியில் மண்ணாலும் செங்கல்லாலும் அமைந்த பல அடுக்குயரக் கோபுரம் ஒன்றைக் குறிக்கின்றார். அதில் சீன எழுத்துப் பொறிப்பு இருந்தது என்றும், அது 1267ஆம் ஆண்டில் பணி நிறைவுற்றமையைத் தெரிவித்தது என்றும் அவர் கூறுகின்றார். அக்கோபுரம் நாகப்பட்டினத்துக்கு உரியது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பர்மாவின் பெகு மன்னன் தம்மசேதி 1476ஐ ஒட்டிப் பொறித்த கல்யாணிக் கல்வெட்டுகள், கப்பல் உடைந்து கரைசேர்ந்த தேரர் சிலர் நாகப்பட்டினத்திற்கு நடந்து வந்து, பதரிகாராமம் என்னும் பள்ளியின் இடத்தைக் கண்டதையும், சீன நாட்டு மன்னன் அமைப்பித்ததாகக் கூறப்பட்ட குகையில் புத்தர் படிமத்தை வணங்கியதையும் பதிவு செய்கின்றன. 15ஆம் நூற்றாண்டில் பெருநிறுவனம் ஒடுங்கிவிட்டது. வழிபாடு முற்றும் அற்றுவிடவில்லை என்பதை இதனால் உணரலாம்.

மூன்றாவது, நேரிற் கண்டவர் ஒருவரின் விளக்கம். சென்னை ஆட்சிப் பணியில் இருந்தவரும் தென்னக வரலாற்று ஆர்வலருமான சர் வால்டர் எலியட் 1846இல் அக்கோபுரத்தைப் பார்வையிட்டார். தாம் கண்டதைப் பின்னர் 1878இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ என்னும் ஆய்விதழில் எழுதினார். நகருக்கு வடக்கே கடலுக்கு அணித்தாய் நின்ற அது நாற்சதுர வடிவினது. மூன்று நிலைகளைக் கொண்டது. செங்கற்கள் சாந்தின்றி ஒன்றோடொன்று நெருங்கப் பொருத்தப்பட்டிருந்தன. முதல் நிலையையும் இரண்டாம் நிலையையும் படிப்படியாக நீண்ட கொடுங்கை வரிசைகள் பிரித்தன. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வாயிலோ சாளரமோ அமைவதற்குரிய திறப்பு இருந்தது. கீழ்நிலையின் மேற்பகுதியில், இரண்டாம் நிலையின் தளம் பொருந்தியிருந்த தடங்கள் சுவரில் தெரிந்தன. உச்சி திறந்து கிடந்தது. அடிப்பகுதியின் மூலைகள் வண்டிகளும் மாடுகளும் உராய்ந்து தேய்ந்திருந்தன. ஆயினும் கட்டடம் உறுதியாகவே நின்றது. சிற்பமோ எழுத்தோ எதுவும் காணப்படவில்லை. துறையை நாடிவரும் கப்பல்களுக்கு அது நல்லதோர் அடையாளமாக விளங்கியது.

இவ்விளக்கத்திலிருந்து கட்டடக்கலை நோக்கில் சில முடிவுகளுக்கு வரலாம். சுவரில் தளம் பதிந்த தடங்கள் இருந்தமையால் நிலைகள் வெறும் புறத்தோற்றத்திற்காக அமைந்தவை அல்ல. உள்ளே மரத்தளங்கள் இருந்து, அவை காலத்தால் அழிந்திருக்க வேண்டும். தமிழகக் கோயில் விமானங்களின் மேல்தளங்கள் பெரும்பாலும் மனிதர் ஏறிப் புழங்குவதற்கு உரியன அல்ல. நாற்புறமும் திறப்புகளோடு உள்ளே புழங்கத்தக்க நிலைகளைக் கொண்ட இக்கோபுரம் அவ்வழக்கிலிருந்து வேறுபட்டது. கொடுங்கையோ தமிழகக் கட்டடக்கலைக்கு நன்கு பழக்கமான உறுப்பு. தமிழகத்துக் கொத்தர் கையும் கடல்கடந்த நாட்டு அமைப்பும் ஒருங்கே சேர்ந்த கட்டடமாக அது நமக்குத் தோன்றுகின்றது.

நான்காவது, மண்ணிலிருந்து வெளிப்பட்ட படிமங்கள். 1856இல் கோபுரத்திற்கு அருகில் இலுப்பை மரம் ஒன்றை வெட்டியபோது பௌத்தப் படிமங்கள் சில கிடைத்தன. அதன்பின் 1930கள் வரை வெளிப்பாளையம், நாணயக்காரத் தெரு ஆகிய இடங்களில் கிடைத்தவற்றையும் சேர்த்தால் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 350 ஆகும். சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளவற்றை டி.என். இராமச்சந்திரன் 1954இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். புத்தரின் தலையுச்சியில் எழும் தீச்சுடர் இவற்றின் சிறப்பு அடையாளம். 11ஆம் நூற்றாண்டு முதல் ஏறத்தாழ 16ஆம் நூற்றாண்டு வரை இவை தொடர்ந்து வார்க்கப்பட்டன என்பது பொதுவான கருத்து. சிறு படிமங்கள் மிகுதியாக இருத்தல், அடியவர்கள் நேர்ந்து அளித்த காணிக்கைகளாக அவற்றைக் கொள்ள இடந்தருகின்றது.

எலியட் கண்ட கோபுரம் எது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. சூடாமணிவர்ம விகாரத்தின் எச்சமே அது என்பார் ஒரு சாரார். வாங் தாயுவான் குறித்த 1267ஆம் ஆண்டுக் கோபுரமே அது என்பார் மற்றொரு சாரார். ‘சீனக் கோபுரம்’ என்னும் வழக்கு இரண்டாவது கருத்துக்குத் துணையாகும். பௌத்தப் படிமங்கள் அதன் அருகிலேயே கிடைத்தமையும், கடற்கரையை ஒட்டிய பெரும்பள்ளி வளாகமும் முதற்கருத்துக்கு இடந்தருகின்றன. விகார வளாகம் ஒன்றினுள் பல காலத்துக் கட்டடங்கள் சேர்ந்திருத்தல் இயல்பாதலின், இரு கருத்துகளும் ஒன்றையொன்று முற்றிலும் விலக்குவன அல்ல என்பது நம் கருத்து.

பெயர் மறைந்தமையும் கோபுரம் வீழ்ந்தமையும்

1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரரும், 1781இல் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயரும் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினர். ஐரோப்பிய மாலுமிகளும் அதிகாரிகளும் அக்கோபுரத்தைச் ‘சீனக் கோபுரம்’ என்றனர். வேறு சிலர் ‘சமணக் கோபுரம்’ என்றனர். உள்ளூர் மக்கள் ‘புதுவெளிக் கோபுரம்’ என்றனர். அது நின்ற வெளியின் பெயரே கோபுரத்தின் பெயராயிற்று. கடாரம், சைலேந்திரர், சூளாமணிவர்மன், இராசராசன் என்னும் பெயர்களுள் ஒன்றேனும் எவர் நாவிலும் எஞ்சவில்லை. அப்பெயர்களைத் தாங்கிய செப்பேடுகளோ டச்சுக்காரர் வழியாகக் கடல் கடந்து ஒல்லாந்தில் கிடந்தன. கட்டடம் ஒரு நாட்டிலும் அதன் பெயர் மற்றொரு நாட்டிலுமாகப் பிரிந்தன.

கோபுரத்தை ஒட்டிய நிலம் ஏசு சபையினர் வசம் வந்தது. அவர்கள் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய புனித வளனார் கல்லூரி அங்கு வளர்ந்துவந்தது. சிதைந்த கோபுரத்தை அகற்ற அவர்கள் அரசின் இசைவை வேண்டினர். 1867 ஆகஸ்டில் சென்னை அரசு இசைவளித்தது, கோபுரம் இடிக்கப்பட்டது. 1883இல் அக்கல்லூரியே திருச்சிராப்பள்ளிக்கு மாற்றப்பட்டது.

இதில் எவரையும் பகைவராகக் காண்பது வரலாற்று நோக்காகாது. இடிக்க வேண்டியோர்க்கும் இசைவளித்தோர்க்கும் அது பெயரறியாத பழஞ்செங்கற் கட்டடம். அதனை வேறாகக் காட்டும் அறிவு அன்று நாகப்பட்டினத்தில் எவரிடமும் இல்லை. அவ்வறிவு வந்த கால வரிசையை நோக்குதல் தகும். கோபுரம் வீழ்ந்தது 1867இல். எலியட்டின் கட்டுரை வந்தது 1878இல். பர்கெசும் நடேச சாஸ்திரியும் செப்பேட்டுப் பாடத்தைச் சென்னையில் அச்சேற்றியது 1886இல். பிரெஞ்சு அறிஞர் சோர்சு செதேசு ஸ்ரீவிசயம் என்னும் பேரரசை அடையாளங்காட்டியது 1918இல். கே.வி. சுப்பிரமணிய ஐயரின் விரிவான பதிப்பு ‘எபிகிராபியா இண்டிகா’வில் வந்தது 1933–34இல். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ வழியாகச் சூடாமணி விகாரம் என்னும் பெயர் மக்கள் நாவில் மீண்டும் புழங்கத் தொடங்கியது 1950களில். அப்புதினம் விகாரத்தை இராசராசனின் இளமைக்காலத்திலேயே நிற்பதாகக் காட்டுவது புனைவுரிமை. செப்பேட்டின்படி அது அவன் அரியணையேறிய பின்னரே எழுந்தது. எவ்வாறாயினும், பெயர் திரும்பி வந்தபோது அதனைப் பெற்றுக்கொள்ளக் கட்டடம் இல்லை.

முன்னர்க் குறித்த கவண்ட்ரிப் பேராலயத்தை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம். எட்டாம் ஹென்றியின் ஆணையால் 1539இல் அத்துறவிமடம் கலைக்கப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. கற்கள் பிற வேலைகளுக்குச் சென்றன. எனினும் அந்நகரில் பேராலயத்தின் பெயரும் இடமும் மறையவில்லை. ஆகவே 2000ஆம் ஆண்டை ஒட்டி அங்கு அகழ்ந்தோர் எதைத் தேடுகின்றோம் என்பதை அறிந்தே தேடினர். அடித்தளங்களைக் கண்டு மக்களுக்குக் காட்சிப்படுத்தினர். அங்குக் கட்டடம் போயிற்று, பெயர் நின்றது. நாகப்பட்டினத்தில் பெயர் முதலில் போயிற்று, கட்டடம் பின்தொடர்ந்தது.

பேராக்கிலிருந்து நோக்குங்கால்

இவ்வரலாறு கடலுக்கு அப்பாலுள்ள ஊரின் வரலாறு மட்டுமன்று. விகாரத்தை எடுப்பித்த மரபின் நாடாகிய கடாரம், இன்றைய கெடா. பேராக்கிலும் அக்கடல்வழிப் பௌத்தத்தின் தடயங்கள் உள. 1936இல் பீடோரில் ஈயச் சுரங்கம் ஒன்றில் எட்டுக் கரங்களையுடைய அவலோகிதேசுவரரின் வெண்கலப் படிமம் கிடைத்தது. நாகப்பட்டினத்து விகாரத்திற்கும் முற்பட்டதாகக் கருதப்படும் அப்படிமம், கிந்தா பள்ளத்தாக்கை ஒட்டிய நிலப்பகுதியும் அவ்வலைப்பின்னலுக்குள் இருந்தமையைக் காட்டுகின்றது.

இழப்பும் இரு கரைகளிலும் ஒன்றுபோலவே நிகழ்ந்துள்ளது. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் சண்டி 11 என எண்ணிடப்பட்டிருந்த பழங்கோயில் அடித்தளம், வீடமைப்புத் திட்டத்திற்காக நிலத்தைச் சீர்ப்படுத்தியபோது இடிக்கப்பட்டுவிட்டது என்பது 2013 டிசம்பரில் வெளிப்பட்டது. 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் நடப்பில் இருந்தும், அவ்விடம் அதன்கீழ் அரசிதழில் பதிவு பெறாமையால் பாதுகாப்புப் பெறவில்லை. ஆய்வாளர் அதற்கு ஓர் எண் தந்திருந்தனர். அவ்வெண் ஒரு பெயராகி மக்களிடம் சேரவில்லை.

நம் காலத்தில் நம் கண்முன்னரே மறைவன தோட்டங்கள். நாகப்பட்டினத்துக் கோபுரம் வீழ்ந்து பத்தாண்டுகள் கழித்து, 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அப்பயிர் அழைத்து வந்த தமிழர்கள் இம்மாநிலத்தில் கோயில்களையும் பள்ளிகளையும் எழுப்பினர். பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. துண்டாடலின் நெருக்கடியில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவித் தொழிலாளர்களே தோட்டங்களை வாங்க வழிசெய்தார். எனினும் லயங்கள் பல இன்று இல்லை. தமிழ்ப்பள்ளிகள் சில வேறிடங்களுக்கு மாற்றப்பட்டன. பெயரை மட்டும் உடன் கொண்டு சென்ற பள்ளிகளும் உள.

தோட்டங்களுக்கும் இரட்டைப் பெயர் வழக்கு உண்டு. நிறுவனப் பதிவேட்டில் ஒரு பெயர். தொழிலாளர் நாவில் வேறொரு பெயர். தோட்டம் விற்கப்பட்டதும் பதிவேட்டுப் பெயர் மாறுகின்றது. மக்கள் கலைந்து சென்றதும் நாவிலிருந்த பெயரும் அறுகின்றது. அதன்பின் எஞ்சி நிற்கும் கோயில், புதிதாய் வருவோர்க்குப் பெயரற்ற ஒரு கட்டடமே. நாகப்பட்டினத்தில் புதுவெளிக் கோபுரம் நின்ற நிலையும் இதுவே.

இந்நிலையில் தமிழாசிரியர்கள் செய்யத்தக்க பணிக்குச் சூடாமணிவர்ம விகாரத்தின் சான்றுகளே வழிகாட்டுகின்றன. செப்பேடு நான்கு செய்திகளைப் பதிவு செய்தது: கட்டடத்தின் பெயர், எடுப்பித்தோர், நிலத்தின் எல்லை, நடத்துவதற்குரிய வருவாய். தோட்டத்துக் கோயிலுக்கும் பள்ளிக்கும் இந்நான்கையும் எழுதிவைக்கலாம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், திருவிழா அழைப்பிதழ்கள், நன்கொடையாளர் பெயர்ப் பலகைகள், முதியோரின் வாய்மொழி ஆகியன அதற்குப் போதிய மூலங்கள். எலியட்டின் விளக்கம் மற்றொரு பாடத்தைத் தருகின்றது. அவர் தொல்லியல் அகழாய்வு நடத்தவில்லை. ஒருமுறை சென்று, நிலைகளை எண்ணி, சுவரை நோக்கி, திறப்புகளைக் குறித்துக்கொண்டார். கோபுரம் எவ்வாறு இருந்தது என்பதை நாம் இன்று அறிவதற்கு அதுவே பெருந்துணையாகின்றது. மாணவர்களை ஒரு நாள் அழைத்துச் சென்று அளந்து வரையச் செய்வதற்கு அதனினும் மிகுந்த முயற்சி தேவையில்லை.

முடிவுரை

சூடாமணிவர்ம விகாரம் இரு அரசுகளின் கூட்டுப் படைப்பு. கடாரத்துத் தந்தை தொடங்கி மகன் முடித்தான். சோழத் தந்தை ஊர் தந்தான், மகன் அதனைச் செப்பேட்டில் நிலைப்படுத்தினான். போரும் அவ்வுறவை முறித்துவிடவில்லை. பல நூற்றாண்டுகளின் மாற்றங்களையும் ஐரோப்பியரின் ஆட்சிகளையும் கடந்து அதன் எச்சம் 19ஆம் நூற்றாண்டு வரை நின்றது. தன் பெயரை அறிந்தோர் எவரும் அருகில் இல்லாத காலத்தில் அது வீழ்ந்தது. செப்பேடுகள் எஞ்சியமையால் நாம் பெயரை மீட்டோம். எலியட்டின் குறிப்பு எஞ்சியமையால் உருவத்தை ஓரளவு மீட்டோம். படிமங்கள் எஞ்சியமையால் வழிபாட்டின் நெடுமையை அறிந்தோம்.

பேராக்கின் தோட்டக் கோயில்களுக்கும் பள்ளிகளுக்கும் செப்பேடு எழுதிய அரசர் எவரும் இலர். அவற்றின் பெயரையும் எல்லையையும் அறிந்த முதியோர் சிலர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். ஈப்போவிலும் சுற்றுவட்டாரங்களிலும் உள்ள தமிழ்ப்பள்ளிகள் தத்தம் பகுதியின் பழைய தோட்டப் பெயர்களைப் பதிவேட்டுப் பெயர், வழக்குப் பெயர் என்னும் இரு நிலையிலும் தொகுக்கத் தொடங்குமாயின், அத்தொகுப்பே இப்பகுதிக்குரிய ஆனைமங்கல ஏடாக அமையும்.